செட்டிநாட்டு வீட்டில் கார் சார்ஜரும் ஸ்மார்ட் கருவிகளும்: அறிகுறியைக் கொண்டு பழுதைத் தேடும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் மின்சாரக் காருக்குச் சார்ஜர் வைத்த பிறகும், விளக்குகளுக்கும் கேமராக்களுக்கும் ஸ்மார்ட் கருவிகள் பொருத்திய பிறகும் எழும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி காரணமாக இருப்பதில்லை. மீட்டரிலிருந்து கருவி வரை வரும் கம்பி, மண்ணுக்குள் இறங்கும் எர்த், இடையில் நிற்கும் சுவர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இவை ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள். மீட்டர் பலகை முகப்பை ஒட்டி இருக்கும். கார் கொட்டகையோ பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெருப் பக்கம் இருக்கும். மீட்டருக்குப் பக்கத்திலேயே கார் நிற்கும் புதுவீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கையேடு இந்த அமைப்புக்கு அதிகம் உதவாது. ஆகவே கருவியை மாற்றச் சொல்லி விற்றவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால், கீழே உள்ள வரிசையில் வீட்டைப் பார்த்துவிடுவது செலவைக் குறைக்கும்.

பார்ப்பது, தொடாமல் முகர்ந்தறிவது, செயலியில் எண்ணைப் படிப்பது ஆகியவற்றை வீட்டாரே செய்யலாம். பலகையைத் திறப்பது, முனைகளை இறுக்குவது, மீட்டர் வைத்து அளப்பது ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்ய வேண்டும். அவர் வரும்போது மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், எர்த் டெஸ்டர் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சட்டைப்பையில் ஒரு டெஸ்டரை மட்டும் செருகிக்கொண்டு வருபவரை வைத்து இந்த வேலையைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

சார்ஜரைச் செருகியதும் ட்ரிப் ஆகிறது

மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகள் இரண்டில் விழுந்தது எம்சிபியா ஆர்சிசிபியா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சோதனைப் பொத்தான் உள்ளது ஆர்சிசிபி. அது கசிவைப் பார்த்து விழும். பொத்தான் இல்லாத எம்சிபி மிகை மின்னோட்டத்தைப் பார்த்து விழும். இரண்டுக்கும் தேட வேண்டிய இடங்கள் வேறு.

ஆர்சிசிபி விழுந்தால், காரை இணைக்காமல் சார்ஜரை மட்டும் மின்சாரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் பழுது கம்பியிலோ சார்ஜருக்குள்ளோ இருக்கிறது. கார் இணைந்து மின்னோட்டம் பாயத் தொடங்கும் நொடியில் மட்டும் விழுந்தால், சார்ஜருக்குப் போகும் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) வேறொரு சுற்றிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டகையில் ஏற்கெனவே ஒரு விளக்குக் கம்பி இருக்கும். நீளமான கம்பியை மிச்சப்படுத்த நினைப்பவர் ஃபேஸை மட்டும் முகப்பிலிருந்து புதிதாக இழுத்துவிட்டு, நியூட்ரலைக் கொட்டகை விளக்கிலிருந்து எடுத்துக்கொள்வார். போன மின்னோட்டம் அதே ஆர்சிசிபி வழியாகத் திரும்பாததால், கசிவு என்று எண்ணி அது விழுகிறது. சார்ஜருக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் மெயின் பலகையிலிருந்து தனியாக, ஒன்றாக வர வேண்டும். வேறு குறுக்குவழி இதற்குக் கிடையாது.

நியூட்ரல் சரியாக இருந்தும் விழுகிறதென்றால், வீட்டுக்கு முழுவதுமாக ஒரே ஆர்சிசிபி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லியாம்பியர் என்று எழுதப்பட்ட ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். தரவிதியே அதை அனுமதிக்கிறது. பழைய மரக் கேசிங்குக்குள் ஓடும் கம்பிகளின் உறை வெடித்திருக்கும் வீட்டில், வாஷிங் மெஷின், கீஸர், மோட்டார் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மில்லியாம்பியர் கசிந்துகொண்டிருக்கக்கூடும். சார்ஜரின் இயல்பான சிறு கசிவு அதன்மேல் சேர்ந்ததும் எல்லை தாண்டிவிடுகிறது. வீட்டு ஆர்சிசிபிக்கு முன்பாகவே பிரித்து, சார்ஜருக்கெனத் தனி ஆர்சிசிபி வைப்பதே இதற்குத் தீர்வு. அதைவிட்டு 30ஐ எடுத்துவிட்டு 100 அல்லது 300 மில்லியாம்பியர் போட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. ட்ரிப் நின்றுவிடும், ஆனால் ஆளுக்கான பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

தனி ஆர்சிசிபி வாங்கும்போது அதன் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் ஓர் அலைக்கோடு மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது ஏசி (AC, மாறுமின்னோட்ட) வகை. காரின் உள்ளிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் அதற்குத் தெரியாது, சில நேரம் அதனாலேயே அது மரத்துப்போய் உண்மையான கசிவின்போதும் விழாமல் இருந்துவிடும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் அமைப்பு இருந்தால் ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகை வேண்டும். பி வகையின் விலை பல மடங்கு என்பதால், அந்த அமைப்பு உள்ள சார்ஜரையே முதலில் தேர்ந்தெடுப்பது சிக்கனமான முடிவு.

மழை நாளில் மட்டும் விழுகிறதென்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். கொட்டகைப் பெட்டிக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. கம்பி மேற்புறமாக நுழையும் பெட்டியில் கம்பி வழியாகவே நீர் உள்ளே வடியும். எனவே கம்பியைக் கீழ்ப்புறமாக நுழைத்து, துளையை உறைவளையம் போட்டு அடைக்க வேண்டும். அடைக்காத துளை வழியே பல்லியும் போகும், எறும்பும் போகும். செத்த பல்லி ஒன்று முனைகளுக்கிடையே கிடந்தால் மழை இல்லாமலே ட்ரிப் ஆகும்.

ஒன்றிரண்டு மணி நேரம் ஏறிய பிறகு ட்ரிப் ஆகிறது

இது பெரும்பாலும் எம்சிபியின் வேலை, காரணம் வெப்பம். வீட்டு எம்சிபியின் அளவு 30 பாகை செல்சியஸ் சூழலுக்குக் குறிக்கப்படுவது. மேற்குப் பார்த்த தகரக் கொட்டகையில் மாட்டிய பெட்டிக்குள் சித்திரை, வைகாசியில் வெப்பம் அதைவிட வெகுவாக ஏறிவிடும். 32 ஆம்பியர் எடுக்கும் 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் எம்சிபியே போட்டிருந்தால், முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடும்போது அது விழுவது இயற்கை. 40 ஆம்பியர் எம்சிபிதான் போட வேண்டும். ஆனால் எம்சிபியை மட்டும் பெரிதாக்கிவிட்டுக் கம்பியைப் பழையபடி விட்டுவிட்டால், எம்சிபிக்குப் பதிலாகக் கம்பி சூடாகும். குழாய்க்குள் ஓடும் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி நம் கோடையில் 40 ஆம்பியரைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே இந்த ஊர் வெயிலுக்கு 10 சதுர மில்லிமீட்டரையே பரிந்துரைக்கிறேன். எம்சிபியின் திருகுகள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், பெரிய எம்சிபிக்குப் போவதற்கு முன் திருகுகளை இறுக்கி ஒரு நாள் பார்க்கலாம்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. எர்த் இல்லை என்கிறது

செட்டிநாட்டில் அதிகம் காணும் அறிகுறி இதுதான் என்பேன். மிக்சிக்கும் ஃபிரிட்ஜுக்கும் எர்த் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இந்த வீடுகள் பல காலம் ஓடிவிட்டன. கார் சார்ஜரோ, எர்த் சரியில்லை என்று உணர்ந்தால் வேலையைத் தொடங்கவே தொடங்காது. அது பழுதல்ல, பாதுகாப்பு.

சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் சார்ஜர்கள் பல, இடம் மாறியிருந்தாலும் எர்த் பழுது என்றே காட்டும். சர்வீஸ் வயரைப் பழுது பார்த்த மறுநாளிலிருந்து சிக்கல் தொடங்கியிருந்தால் ஐயம் இங்கேதான் விழ வேண்டும். அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது ஐந்து வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ எங்கேயோ தளர்ந்திருக்கிறது.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும் மின்பணியாளரை நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது; துருப்பிடித்து நூலாகத் தொங்கும் எர்த் கம்பியிலும் அது முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். எர்த் டெஸ்டர் வைத்து மின்தடையை அளந்து, 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று எண்ணை எழுதி வாங்க வேண்டும். அளப்பதைப் பங்குனி, சித்திரையில் செய்வதே சரி. ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் எந்த எர்த்தும் நன்றாகத்தான் காட்டும். செம்மண் காய்ந்து இறுகும் கோடையில்தான் அதன் உண்மை தெரியும். கார்த்திகையில் ஒழுங்காக ஏறிய கார் வைகாசியில் ஏற மறுக்கிறது என்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

புது எர்த் போடுவதென்றால் கொட்டகைக்குப் பக்கத்திலேயே போட்டு, வீட்டின் பழைய எர்த்தோடு அதைக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக விடக்கூடாது. குழாய் 2.5 மீட்டராவது இறங்க வேண்டும், அஸ்திவாரத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இரண்டு குழி போட்டால் அவற்றுக்கிடையே குழாயின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். முற்றத்து மழைநீர் வெளியேறும் வடிகால் ஓரம், கிணற்றடி, குளியலறை நீர் போகும் வழி ஆகியவை நல்ல இடங்கள். உப்பும் கரியும் கொட்டி நாகமுலாம் பூசிய குழாயை இறக்கும் பழைய முறையே தொடக்கத்தில் நன்றாக வேலை செய்யும் என்றாலும், ஈரத்தை இழுக்கும் அதே உப்புதான் குழாயையும் அரிக்கிறது. உலோக அரிப்பையும் மின்கலங்களையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) 1953 முதல் இருந்துவரும் காரைக்குடியில், வீட்டு எர்த் குழாய் அரித்துப் போனதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை என்பது வேடிக்கைதான். குழியின் மேல் ஒரு மூடி வைத்து, கோடையில் நீர் ஊற்ற வழி விட்டு, இணைப்பு முனையை ஆண்டுக்கொரு முறை பார்க்கும்படி அமைப்பது நல்லது.

கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ வீட்டில் வாடகை ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் எர்த் பழுது காட்டினால், ஜெனரேட்டரின் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்படாமல் இருக்கும். அதைச் சரிசெய்ய யாராவது அவசரத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் முறுக்க முன்வந்தால் தடுத்துவிடுங்கள். ஜெனரேட்டரில் காரை ஏற்றாமல் விட்டுவிடுவதே முறை. இன்வெர்ட்டர் வரிசைக்கும் இதே விதி.

பிளக் சுடுகிறது, பலகையில் கருகல் வாடை வருகிறது

சார்ஜரை உடனே செயலியிலோ காரிலோ நிறுத்தி, பிறகு மெயினை அணைத்து, அதன் பின்னரே பிளக்கைத் தொட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் தளர்ந்த முனையில் பொறி பறக்கும்.

ஏசிக்கும் கீஸருக்கும் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டே காருக்கும் போதும் என்பது பொதுவான எண்ணம். கீஸர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கம்ப்ரஸர் இடையிடையே ஓய்வெடுக்கும். கார் 15 ஆம்பியரை இரவு முழுவதும் ஓயாமல் இழுக்கும். சாக்கெட்டின் கவ்வி சற்றுத் தளர்ந்து அங்கே 0.1 ஓம் தடை உருவானாலே அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவரின் 25 வாட் பற்றவைப்புக் கோலைப் பலகைக்குள் இரவெல்லாம் செருகி வைத்தது போன்றது அது. வட்டக்காலன் பழைய சாக்கெட்டும், பீங்கான் கட்அவுட்டும் (ஃபியூஸ்), தேக்குப் பலகையும் சேர்ந்த இடத்தில் இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடனடி நிவாரணமாகச் சார்ஜரின் மின்னோட்டத்தை 10 ஆம்பியருக்குக் குறைக்கலாம். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே தடையில் 22 வாட் என்பது 10 வாட்டாகக் குறைந்துவிடும். நிலையான தீர்வுக்கு, வீட்டுச் சாக்கெட்டை விட்டுவிட்டுத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நீலநிறத் தடித்த சாக்கெட்டையோ, சுவரில் நேரடியாக இணைக்கும் சார்ஜரையோ வைக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பியின் சுருளே ஓர் அடுப்பாகிவிடும்.

சார்ஜ் மெதுவாக ஏறுகிறது. மாலை நேரத்தில் நின்றே விடுகிறது

உங்கள் காரால் எவ்வளவு எடுக்க முடியும் என்பதை முதலில் பாருங்கள். காருக்குள் இருக்கும் மாற்றி 3.3 கிலோவாட் மட்டுமே எடுக்கக்கூடியது என்றால், 7.2 கிலோவாட் சார்ஜர் வைத்தாலும் 3.3தான் ஏறும். 30 கிலோவாட்மணி மின்கலத்தை 3.3இல் நிரப்பப் பத்து மணி நேரம் ஆகும். 10 ஆம்பியரில் அதுவே பதினான்கு மணி நேரத்தை எட்டும். நிறையப்போகும் நேரத்தில் வேகம் தானாகவே குறையும். இவையெல்லாம் பழுதல்ல.

இவை பொருந்தவில்லை என்றால் தூரத்தைக் கணக்கிட வேண்டும். முகப்பு மீட்டருக்கும் பின்கொட்டகைக்கும் 60 மீட்டர் கம்பி ஓடுவதாகக் கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 32 ஆம்பியர் பாயும்போது, போக வர ஆகும் இழப்பு ஏறக்குறைய 18 வோல்ட். அதாவது 560 வாட்டுக்கு மேல் சுவருக்குள்ளேயே சூடாக வீணாகிறது. 6 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 12 வோல்ட்டாகவும், 10 சதுர மில்லிமீட்டரில் 7 வோல்ட்டாகவும் குறையும். ஏற்கெனவே கொட்டகையில் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் பிளக் கம்பியில் 15 ஆம்பியர் எடுத்தாலே 13 வோல்ட் போய்விடும். கம்பி சூடேற ஏற இந்த இழப்பு இன்னும் கூடும். கோடை மாலையில் தெரு முழுவதும் ஏசி ஓடி, மீட்டரிலேயே 200 வோல்ட் மட்டும் வரும்போது கொட்டகைக்கு 185 சென்றால், காரோ சார்ஜரோ தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும்.

எனவே சார்ஜ் ஏறும்போது மீட்டரிலும் கொட்டகையிலும் ஒரே நேரத்தில் மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் குறை உங்கள் கம்பியில். மீட்டரிலேயே குறைவாக இருந்தால் குறை வெளியே. வெளியே இருப்பதை மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987இல் புகாராகப் பதிவு செய்யலாம். கம்பியை மாற்றுவதற்குப் பதிலாகப் பின்தெருவிலிருந்து புது இணைப்புக் கேட்கலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. ஒரே வீட்டுக்கு இரண்டு பக்கமும் இணைப்பு என்பது எர்த்தையும் நியூட்ரலையும் குழப்பும் ஏற்பாடு என்பதால் நான் அதற்குச் சாய மாட்டேன். காரை முகப்புப் பக்கம் நிறுத்த இடமிருந்தால் அதுவே எல்லாவற்றையும்விட மலிவான முடிவு.

கம்பி இழுக்கும் வழியைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மெருகேற்றிய சுவரைக் குடைந்தால், அந்தப் பளபளப்பை இன்றைய பூச்சால் திரும்பக் கொண்டுவருவது கடினம். பழைய ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தால் அதே சாயத்தில் இன்னொரு கல் பொருந்தி வருவதும் அரிது. பக்கச்சந்துச் சுவரின் வெளிப்புறமாகக் குழாய் ஓட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோவது நீளத்தைச் சற்றுக் கூட்டினாலும் அதுவே சரியான வழி.

சில விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, சில மங்குகின்றன

மும்முனை இணைப்புள்ள வீட்டில் இது தெரிந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு மெயினை அணையுங்கள். நியூட்ரல் எங்கேயோ அறுந்திருக்கிறது. ஒரு முனையில் கார் போன்ற பெரிய சுமை இருக்கும்போது மற்ற முனைகளில் மின்னழுத்தம் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறலாம். ரவுட்டர், கேமரா, ஸ்மார்ட் சுவிட்சு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். சரிசெய்த பிறகு மிகை, குறை மின்னழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் ரிலே ஒன்றை மெயினில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முனை போய்விட்டால் எல்லாச் சுமையையும் இன்னொரு முனைக்குத் தள்ள ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. சார்ஜர் ஓடும் முனைக்கே வீடு முழுவதும் வந்து சேர்ந்தால் சர்வீஸ் கட்அவுட் தாங்காது. சார்ஜரை ஃபேஸ் சேஞ்சருக்கு வெளியே தனியாக இணைக்கச் சொல்லுங்கள். 7.2 கிலோவாட் வைப்பதற்கு முன்பே அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த மனுக் கொடுத்துவிட வேண்டும்.

குறித்த நேரத்தில் சார்ஜ் தொடங்கவில்லை

காரிலும் செயலியிலும் தனித்தனியாக நேரம் குறித்திருந்தால், இரண்டும் பொருந்தும் நேரத்தில் மட்டுமே ஏறும். ஏதாவது ஒன்றை நீக்கிவிடுங்கள். சரியாக இரண்டரை மணி நேரம் முன்னதாகத் தொடங்குகிறதென்றால், செயலியை நிறுவியவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்து நிறுவியிருப்பார். நேர வலயம் அந்த ஊருடையதாகவே பதிந்திருக்கும். மின்தடைக்குப் பிறகு தானாகத் தொடரவில்லை என்றால், மீண்டும் தொடங்கும் அமைப்பு சார்ஜரில் அணைக்கப்பட்டிருக்கும், அல்லது தொடங்க அட்டையைக் காட்டச் சொல்லும் அமைப்பு இருக்கும்.

அணைத்த விளக்கு மினுங்குகிறது

பழைய சுவிட்சுப் பலகைகளில் நியூட்ரல் கிடையாது. ஃபேஸ் வந்து, சுவிட்சு வழியாக விளக்குக்குப் போகும், அவ்வளவுதான். நியூட்ரல் தேவையில்லை என்று விற்கப்படும் ஸ்மார்ட் சுவிட்சு, தான் உயிரோடிருக்கத் தேவையான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. குண்டு பல்புக்கு அது தெரியாது. 3 வாட் எல்இடி அதிலேயே மினுங்கும். சுவிட்சோடு வரும் சிறு மின்தேக்கியை விளக்கின் முனையில் குறுக்காக இணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பலகையில் இணைத்தால் பயனில்லை.

நியூட்ரல் தேவைப்படும் சுவிட்சை வாங்கிவிட்டால், அந்த நியூட்ரலை அதே சுற்றிலிருந்து புதிதாக இழுக்க வேண்டும். பக்கத்துப் பலகையிலிருந்து எடுத்தால், மேலே சார்ஜருக்குச் சொன்ன அதே ட்ரிப் இங்கேயும் வரும். எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தி ஓட வைத்துவிட்டுப் போவது நடக்கிறது. அது குற்றத்துக்குச் சமம்: எர்த் எங்காவது அறுந்தால், அதோடு இணைந்த ஃபிரிட்ஜின் உடம்பிலும் கிரைண்டரின் உடம்பிலும் மின்சாரம் நிற்கும். என்னைக் கேட்டால், வளவைச் சுற்றியுள்ள அறைகளின் பழைய சுவிட்சுகளை அப்படியே விட்டுவிட்டு, முகப்பு விளக்கு, மோட்டார், கொட்டகை என்று நியூட்ரல் கிடைக்கும் இடங்களில் மட்டும் ஸ்மார்ட் சுவிட்சு வைப்பேன். மின்விசிறிக்கு வைப்பதென்றால் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உறுமும்.

கருவி வைஃபையில் சேரவில்லை, சேர்ந்தாலும் நிற்கவில்லை

பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரவுட்டர் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் காட்டினால் நிறுவும் நேரத்தில் குழம்பும். 5ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டு நிறுவிப் பாருங்கள். அதிலும் சேராவிட்டால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 2க்கு மாற்றிப் பாருங்கள்.

சேர்ந்த பின் அறுபடுவது சுவரால். இரண்டடிச் செங்கற்சுவர் இரண்டைத் தாண்டினாலே அலை தளர்ந்துவிடும். ரசம் பூசிய பெரிய நிலைக்கண்ணாடியும், இரும்புப் பெட்டியும், கொட்டகைத் தகரமும் அதை மறித்துவிடும். ஆனால் இதே வீட்டில் ஒரு வசதியும் இருக்கிறது. முற்றம் திறந்த வெளி. ரவுட்டரை முகப்பு அறையின் அலமாரிக்குள் வைக்காமல், வளவுத் தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்தபடி உயரத்தில் வைத்தால், சுற்றியுள்ள அறைகளுக்கு வாசல் வழியாகவே அலை போகும். கொட்டகைக்கு மட்டும், சார்ஜர் கம்பியோடு ஒட்டாமல் தனிக் குழாயில் இணைய வலைக் கம்பி (லேன் கேபிள்) ஒன்றை இழுத்து, அங்கே ஒரு சிறு ரவுட்டரை வைத்துவிடுவது நல்லது. செயலியில் அலையின் வலிமை −70 டிபிஎம்மை (dBm) விட நலிந்து −80ஐ நெருங்கினால் கருவியைக் குறை சொல்வதில் பொருளில்லை. இணையமே இல்லாவிட்டாலும் செருகியவுடன் ஏற்றும் சார்ஜரைத்தான் வாங்க வேண்டும். வைஃபை அறுந்ததால் கார் ஏறாமல் நிற்பதை எந்த வீட்டாரும் பொறுக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆள் இல்லாதபோது எல்லாம் தொடர்பு அறுந்து கிடக்கிறது

ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் திறக்கும் வீடுகள் இவை. கேமரா ஒன்று மட்டும் போனால் அது கேமரா. எல்லாம் ஒரே நேரத்தில் போனால் அது மின்சாரமோ ரவுட்டரோ. ரவுட்டருக்கென ஒரு சிறு யுபிஎஸ் வைத்துவிட்டால் குறுகிய மின்தடைகளில் தொடர்பு அறாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், எந்த எம்சிபியைத் தூக்கிவிட வேண்டும் என்பதைப் பலகையிலேயே தமிழில் எழுதி ஒட்டிக் காட்டி வையுங்கள். ஒரு முறை தூக்கி மறுபடி விழுந்தால் மீண்டும் தூக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது சார்ஜரின் எம்சிபியை அணைத்துவிட்டுப் போவது இடி மின்னல் காலத்துக்கு நல்லது. மெயினில் மிகை அலையைத் தாங்கும் தடுப்பானும் இருக்க வேண்டும். கருவிகள் ஒருவரின் செல்பேசிக் கணக்கில் மட்டும் பதிந்திருந்தால், அவர் எண்ணை மாற்றிய நாளில் வீட்டில் பங்குள்ள மற்ற பங்காளிகள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். ஆகவே வீட்டுக்கென ஒரு பொதுக் கணக்கைத் தொடங்கி எல்லாவற்றையும் அதில் பதிய வேண்டும்.

கரண்ட் பில் ஏறிவிட்டது. அது யாருடைய யூனிட்?

வீட்டு இணைப்பிலேயே காரை ஏற்றிக்கொள்ள மத்திய அரசின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. எனவே மற்றவர் கேள்வி கேட்பது உரிமையைப் பற்றியதாக இல்லாமல் கணக்கைப் பற்றியதாகவே இருக்கும். 30 கிலோவாட்மணி மின்கலம் முழுதாக நிறைய, இழப்பும் சேர்ந்து 33 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் பதினைந்து முறை நிரப்பினாலே ஏறக்குறைய 500 யூனிட் ஆகிவிடும். நம் இருமாதக் கணக்கீட்டில் 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்குக் கூடுதல் விலை விழுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். செயலி காட்டும் யூனிட்டை வைத்துப் பங்காளிகளிடம் கணக்குச் சொல்வது பிரச்சினைக்கு இடம் கொடுக்கும். செயலி சார்ஜரில் அளக்கிறது, வழியில் கம்பி தின்றதை அது காட்டாது. சார்ஜரின் எம்சிபிக்கு அடுத்து, மெயின் பலகையிலேயே ஒரு துணை மீட்டரை மாட்டி, மின்வாரியக் கணக்கீட்டாளர் வரும் அதே நாளில் அதன் எண்ணையும் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். 500ஐத் தாண்டியதால் கூடிய தொகையைக் கார் வைத்திருப்பவரே ஏற்பதா, புள்ளிக் கணக்கில் (குடும்பத்துக்கு ஒரு பங்காக) பிரிப்பதா என்பதைச் சார்ஜர் வைப்பதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.